கிரேயின் தாந்தேயைத் தனியாகப் படிக்கப் போகிறவர்களுக்கு

அலஸ்டேர் கிரேயின் மொழிபெயர்ப்பில் தாந்தேயைப் படிக்கலாம் என்று யாராவது கிளம்பினால், முதலில் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். எனக்கு ஏறக்குறைய ஒரு வருடம் போனது. புத்தகம், வகுப்புக் கட்டணம், நடுவில் ஒரு ஏமாற்று எல்லாம் சேர்த்து 250 பவுண்டு பக்கம் கையைவிட்டுப் போனது. படித்ததில் வருத்தம் எதுவும் இல்லை, இன்றைக்கும் திரும்பத் திரும்ப எடுத்துப் படிக்கிறேன். ஆனால் பாதிச் செலவில், பாதி எரிச்சலில் இதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கலாம். முன்னால் போனவர்கள் யாரும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதனால் நான் எழுதி வைக்கிறேன்.

தெரியாதவர்களுக்காக நாலு வரி. தாந்தே 1265இல் ஃபுளோரன்ஸில் பிறந்தார், 1302இல் அரசியல் சண்டையில் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டார், திரும்பி வந்து பிடிபட்டால் உயிரோடு எரிப்போம் என்று தீர்ப்பு எழுதினார்கள், 1321இல் ரவென்னாவில் இறந்தார். அந்த நாடோடி வாழ்க்கையில் எழுதியதுதான் 'டிவைன் காமெடி', நரகம், உத்தரிக்கிற ஸ்தலம் (மோட்சம் போகுமுன் ஆவிகள் பாவம் கழிக்கிற மலை), மோட்சம் என்று மூன்று பாகமாகப் போகிற காவியம். இந்த மூன்று இடங்களுக்கும் தாந்தே தானே உயிரோடு போய் வருவதாகக் கதை. 34, 33, 33 என்று நூறு பாடல்கள், மொத்தம் 14,233 வரிகள். கிரே 1934இல் கிளாஸ்கோவின் ரிட்ரி பகுதியில் பிறந்தவர், ஓவியர், நாவலாசிரியர், நகரத்துச் சுவர்களில் பெரிய பெரிய சித்திரங்கள் வரைந்தவர். 2015இல் வீட்டு வாசலில் விழுந்து முதுகெலும்பு அடிபட்டு, அதன் பிறகு சக்கர நாற்காலியில்தான் இருந்தார். அந்த நிலையில் முடித்துக் கொடுத்த தாந்தேதான் இது. எடின்பரோவின் கேனன்கேட் பதிப்பகம் 'ஹெல்' பாகத்தை 2018இலும் 'பர்கடரி'யை 2019இலும் 'பாரடைஸ்' பாகத்தை 2020இலும் கொண்டுவந்தது. இந்த வருடங்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஏமாற்றுக் கதை வரும்போது தேவைப்படும்.

வேலை மாற்றலில் கிளாஸ்கோ வந்தவன் நான். இந்த ஊரில் கிரேயைத் தவிர்க்க முடியாது. ஹில்ஹெட் சுரங்க ரயில் நிலையத்தில் இறங்கினால் சுவர் நீளத்துக்கு அவர் படம், அங்கிருந்து பயர்ஸ் சாலையில் ஏறிப் போனால் முன்பு தேவாலயமாக இருந்து இப்போது மதுக்கூடமும் அரங்கமுமாக இருக்கிற ஓரன் மோர், அதன் கூரை முழுக்க அவர் வரைந்த நீல வானம். 2023இல் அவர் நாவல் ஒன்று 'புவர் திங்ஸ்' என்று படமாக வந்த பிறகு புத்தகக் கடைகளில் அவர் பெயர் முன் மேஜைக்கே வந்துவிட்டது. அந்த அலையில்தான் ஒரு மாலைநேர வாசிப்பு வகுப்பு அறிவிப்பு கண்ணில் பட்டது. மூன்று பருவம், பருவத்துக்கு ஒரு பாகம், கிரேயின் மொழிபெயர்ப்போடு தாந்தே முழுவதும். கட்டணம் 90 பவுண்டு, மூன்று பருவத்துக்கும் சேர்த்து முன்பணம். நடத்தியது யார் என்று எழுதவில்லை, அது தேவையும் இல்லை. முதல் மாலை நல்ல கூட்டம். நரகத்தின் பாதியில், கொலைகாரர்கள் கொதிக்கும் ரத்த ஆற்றில் நிற்கிற இடத்துக்கு வரும்போது நாற்காலிகள் காலியாகத் தொடங்கிவிட்டன. 'ஹெல்' முடிந்த வாரம் ஒரு மின்னஞ்சல் வந்தது, போதிய ஆட்கள் இல்லாததால் அடுத்த பருவங்கள் நடக்காது என்று. பணம்? அறிவிப்பின் அடியில் பொடி எழுத்தில் இருந்த ஒரு வாக்கியத்தைக் காட்டினார்கள். இரண்டு முறை எழுதினேன், அப்புறம் விட்டுவிட்டேன்.

இதில் சொல்ல வேண்டியது ஒன்றுதான். தாந்தே வகுப்பு என்றால் பருவத்துக்குப் பருவம் பணம் கட்டுங்கள், மொத்தமாகக் கட்டாதீர்கள். ஏனென்றால் எல்லா ஊரிலும் ஆட்கள் நரகத்துக்குத்தான் வருவார்கள். பேய், நெருப்பு, தலைகீழாகத் தொங்குகிற பாவிகள், இதற்குக் கூட்டம் சேரும். மலையேறிப் பாவம் கழிக்கிறவர்களைப் பார்க்க யார் வருவார்கள்? உண்மையில் தாந்தேக்கு மொழிபெயர்ப்பாளர்களிலேயே பல பேர் நரகத்தோடு நின்றுவிட்டவர்கள்தான். கிரே நிற்கவில்லை, அதற்காகவே அவரிடம் எனக்கு மரியாதை.

சரி, புத்தகத்துக்கு வருகிறேன். அட்டையிலேயே அவர் தெளிவாகப் போட்டிருக்கிறார், உரைநடைத்தனமான செய்யுளில் ஆங்கிலமாக்கி அலங்கரித்தது என்று. அலங்காரம் என்றால் அவருடைய சித்திரங்கள். தாந்தேயின் மூலத்தில் மூன்று மூன்று வரியாகப் போகும். முதல் வரியும் மூன்றாம் வரியும் இயையும், நடு வரியின் ஓசை அடுத்த மூன்றுக்குத் தாவும், அது அதற்கடுத்ததற்குத் தாவும், அந்தாதித் தொடுப்பு போல விடாமல் கொக்கி மாட்டிக்கொண்டே போகும். ஆங்கிலத்தில் இதை அப்படியே செய்யப் போனவர்கள் இயைபுக்காக வாக்கியத்தை முறுக்கித் தொலைத்திருக்கிறார்கள். கிரே அந்த வம்புக்கே போகவில்லை. இயைபு தானாக வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும் என்று, சின்னச் சின்னச் சொற்களில், வெட்டிப் பேசுகிற ஸ்காட்லாந்துக்காரர் குரலில் கதையைச் சொல்லிக்கொண்டு போகிறார். அவர் இத்தாலிய மொழி அறிஞர் கிடையாது. தனக்கு முன்னால் வந்த ஆங்கிலத் தாந்தேக்களைப் படித்துப் பார்த்து, தன் பேச்சில் திரும்பச் சொன்னவர். தொல்காப்பியர் வழிநூலுக்கு நாலு வகை சொல்கிறாரே, தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என்று, அதில் இதை எதில் சேர்ப்பது என்று பண்டிதர்கள் சண்டை போடலாம். படிக்கிறவனுக்கு ஒரு லாபம் இருக்கிறது, வேகம். ஒரு பாடலை டீ ஆறுவதற்குள் முடித்துவிடலாம்.

அந்த வேகம்தான் ஆளைக் கவிழ்க்கிறது. பக்கத்துக்குப் பக்கம் அடிக்குறிப்பு கிடையாது. நரகத்தின் 19ஆம் பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். பதவியை விற்றுக் காசு பார்த்த போப்புகள் பாறைக் குழிகளில் தலைகீழாகச் செருகப்பட்டிருக்கிறார்கள், வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற பாதங்களில் நெருப்பு எரிகிறது. தாந்தே ஒரு குழி அருகே போய் நிற்கிறார். உள்ளே இருக்கிற மூன்றாம் நிக்கோலஸுக்கு வந்தவர் யார் என்று தெரியாது. "போனிஃபேஸ், அதற்குள் வந்துவிட்டாயா?" என்று கேட்கிறார். இதைப் படித்தபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை, அடுத்த வரிக்குப் போய்விட்டேன். பின்னால்தான் தெரிந்தது, கதை நடப்பதாகச் சொல்லப்படுகிற காலம் 1300ஆம் ஆண்டு வசந்தம், எட்டாம் போனிஃபேஸ் இறந்தது 1303இல். அதாவது உயிரோடு சிம்மாசனத்தில் இருக்கிற போப்புக்கு நரகத்தில் முன்கூட்டியே இடம் பிடித்து வைக்கிறார் தாந்தே, அதுவும் இன்னொரு போப்பின் வாயாலேயே. தாந்தேயை ஊரைவிட்டு விரட்டியவர்களுக்குப் பின்னால் இருந்தவர் இந்த போனிஃபேஸ்தான் என்பதும் தெரிந்தால் அந்தக் காட்சி வேறு மாதிரி சிரிக்க வைக்கும். 10ஆம் பாடலில் கல்லறையிலிருந்து எழும் கிழவர் கவல்காந்தே, "என் மகன் எங்கே, ஏன் உன்னோடு வரவில்லை?" என்று கேட்டுவிட்டு, தாந்தேயின் பேச்சை வைத்து மகன் செத்துவிட்டான் என்று நினைத்து அப்படியே சரிந்து விழுவார். அந்த மகன் குய்தோ, தாந்தேயின் நெருங்கிய நண்பன், கவிஞன். 1300 ஜூனில் தாந்தே நகர நிர்வாகக் குழுவில் இருந்தபோதுதான் குய்தோவை நாடுகடத்தினார்கள், ஆகஸ்டில் அவன் இறந்தான். தாந்தே எழுதும்போது இது அவருக்குத் தெரியும், கதைக்குள் இருக்கிற தாந்தேக்குத் தெரியாது. இந்தக் குறிப்பு இல்லாமல் படித்தால் அது ஏதோ ஒரு கிழவரின் புலம்பல், அவ்வளவுதான். வகுப்பு இருந்தவரை யாராவது இதையெல்லாம் சொன்னார்கள். வகுப்பு நின்றதும் நான் அம்போ.

அதனால் என் முதல் யோசனை, கிரேயை வாங்குகிற அன்றைக்கே குறிப்புகள் உள்ள இன்னொரு தாந்தேயையும் வாங்குங்கள். நான் பழைய புத்தகக் கடையில் பிடித்தது டாரதி சேயர்ஸின் பெங்குவின் பதிப்பு. நரகம் 1949, உத்தரிக்கிற ஸ்தலம் 1955, மோட்சம் 1962. அவர் செய்யுள் இன்றைக்குக் கொஞ்சம் பழைய வாடை அடிக்கும், ஆனால் ஒவ்வொரு பாடலுக்கும் முன்னால் கதைச் சுருக்கம், பின்னால் குறிப்பு, நடுவே வரைபடம் என்று கையைப் பிடித்து அழைத்துப் போவார். பழைய பிரதிகள் மலிவாகவே கிடைக்கின்றன. கொஞ்சம் செலவழிக்க முடிந்தால் ஜீன், ராபர்ட் ஹாலண்டர் தம்பதியின் பதிப்பு, அல்லது ராபின் கிர்க்பேட்ரிக்கின் பெங்குவின் பதிப்பு. இரண்டிலும் எதிர்ப் பக்கத்தில் இத்தாலிய மூலம் இருக்கும். காசே செலவழிக்க வேண்டாம் என்றால் 1867இல் வந்த லாங்ஃபெலோவின் மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசம், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் 'டிஜிட்டல் தாந்தே'யில் பாடல் வாரியாக விளக்கம் இருக்கிறது, யேல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜுசெப்பே மத்சோத்தா நடத்திய வகுப்புகள் முழுவதும் காணொலியாக இலவசமாகக் கிடைக்கின்றன. அந்தக் காணொலிகளைப் பற்றி எனக்கு முன்பே தெரிந்திருந்தால் 90 பவுண்டு மிச்சம். நான் கடைசியில் பழகிக்கொண்ட முறை இதுதான்: முதலில் சேயர்ஸின் சுருக்கம், பிறகு கிரேயை ஒரே மூச்சில் வாய்விட்டு, பிறகு குறிப்புகள், அப்புறம் மறுபடி கிரே. இரண்டாம் வாசிப்பில்தான் கிரேயின் குரல் நன்றாகக் காதில் விழும்.

இப்போது ஏமாற்றுக் கதை. வகுப்பில் இருந்த வரை நூலக இரவலில் ஓட்டினேன். அது நின்ற பிறகு, தனியாகத்தான் படிக்கப் போகிறோம், சொந்தமாக நல்ல பிரதி இருக்கட்டும் என்று தேடியபோது இணையத்தில் ஒருவர் மூன்று பாகமும் கெட்டி அட்டையில், மூன்றிலும் ஆசிரியர் கையெழுத்துடன், 120 பவுண்டுக்கு விற்கப் போட்டிருந்தார். வாங்கிவிட்டேன். பெருமையாக அலமாரியில் நிறுத்தியும் வைத்தேன். வீட்டுக்கு வந்த ஒரு தம்பி, திருச்சிப் பையன், இங்கே நூலகவியல் படிக்கிறான், மூன்றாவது புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே, "அண்ணா, இவர் எப்போ இறந்தார்?" என்றான். 2019 டிசம்பர் 29, எண்பத்தைந்தாம் பிறந்த நாளுக்கு மறுநாள். "இந்தப் புத்தகம் அச்சானதே 2020இல்தானே அண்ணா, அப்புறம் கையெழுத்து யார் போட்டது?" அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது. விற்றவருக்கு எழுதினேன், பதில் இல்லை. விற்பனைத் தளத்தில் புகார் செய்வதற்கான கெடு அதற்குள் முடிந்திருந்தது. புத்தகங்கள் மூன்றும் அசல்தான், கையெழுத்துக்காகக் கொடுத்த கூடுதல் பணம்தான் போனது.

ஆகவே கிரேயின் கையெழுத்துப் பிரதி என்று யாராவது விற்றால் கொஞ்சம் கணக்குப் போடுங்கள். 'ஹெல்' 2018, கையெழுத்து இருக்க வாய்ப்பு உண்டு. 'பர்கடரி' வந்த அதே ஆண்டு டிசம்பரில் அவர் போய்விட்டார், எனவே வாய்ப்பு உண்டு என்றாலும் சந்தேகத்தோடு பாருங்கள், எங்கே எப்போது வாங்கியது என்று கேளுங்கள், ஒரு ரசீதாவது இருக்கிறதா பாருங்கள். 'பாரடைஸ்' பக்கத்தில் நேராகப் பேனாவால் கையெழுத்து இருந்தால், எழுந்து போய்விடுங்கள். இது கிரேக்கு மட்டும் இல்லை, ஆசிரியர் இறந்த பிறகு வந்த எந்தப் புத்தகத்துக்கும் பொருந்தும். பதிப்பு விவரப் பக்கத்தையும் ஆசிரியர் இறந்த தேதியையும் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

இதில் இன்னொரு வினோதம். தாந்தேயின் மோட்சமும் அவர் இறந்த பிறகுதான் முழுசாக வெளியே வந்தது. கடைசி 13 பாடல்களைக் காணாமல் பிள்ளைகள் தேடித் தவித்ததாகவும், மாதங்கள் கழித்து மகன் யாக்கோப்போவின் கனவில் தாந்தே வந்து இடத்தைக் காட்டியதாகவும், சுவரில் அடித்திருந்த ஒரு பாய்க்குப் பின்னால் இருந்த பொந்தில் பூஞ்சை பிடித்த தாள்களாகக் கிடைத்ததாகவும் தாந்தேயின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய பொக்காச்சியோ எழுதி வைத்திருக்கிறார். நான் வாங்கிய சேயர்ஸ் பதிப்பிலும் இதே கதைதான், மோட்சத்தைப் பாதியில் விட்டுவிட்டு 1957இல் அவர் இறந்துவிட, பார்பரா ரெனால்ட்ஸ் முடித்துக் கொடுத்தார். கிரேயாவது எழுதி முடித்துவிட்டுப் போனார். மூன்றாம் பாகத்தில் கை வைக்கிறவர்கள் உயில் எழுதி வைத்துவிட்டுத் தொடங்குவது நல்லது போலிருக்கிறது.

'பர்கடரி'க்கு நான் போனது குளிர்காலத்தில். இங்கே டிசம்பரில் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், வேலை முடிந்து வந்தால் பேச ஆள் இல்லை. வகுப்பும் இல்லை, மனமும் இல்லை, பணம் போன எரிச்சல் வேறு. ஒரு கடமை மாதிரிதான் திறந்தேன். இரண்டாம் பாடலில் படகிலிருந்து இறங்குகிற ஆவிகளில் ஒருவர் காசெல்லா, தாந்தேயின் பாட்டுக்கார நண்பர். தாந்தே மூன்று முறை கட்டிப்பிடிக்கிறார், மூன்று முறையும் கைகள் தன் நெஞ்சுக்கே திரும்பி வந்துவிடுகின்றன. சரி, பாட்டாவது பாடு என்கிறார். அவர் பாட, எல்லாரும் சொக்கி நிற்க, காவல் கிழவர் கேட்டோ வந்து, என்ன நின்றுகொண்டிருக்கிறீர்கள் என்று விரட்ட, புறாக் கூட்டம் மாதிரி சிதறி ஓடுகிறார்கள். 4ஆம் பாடலில் பெலாக்வா. பாறை நிழலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருக்கிற சோம்பேறி. தாந்தே மூச்சு வாங்க மலையேறி வந்து மூச்சு வாங்கவே வானசாஸ்திரம் வேறு பேசிக்கொண்டிருப்பார், "நீதான் பெரிய பலசாலி ஆயிற்றே, ஏறிப் போயேன்" என்கிற மாதிரி ஒரு குத்தல் வரும். முழுக் காவியத்திலும் தாந்தே வாய் திறக்காமல் லேசாகச் சிரிக்கிற இடங்கள் ரொம்பக் குறைவு, அதில் இது ஒன்று. கிரேயின் வெட்டுப் பேச்சு நரகத்தைவிட இங்கேதான் அருமையாகப் பொருந்துகிறது என்பது என் கட்சி.

எனக்கு இந்தப் பாகம் பிடித்ததற்குச் சொந்தக் காரணமும் உண்டு. தூத்துக்குடி கத்தோலிக்கக் குடும்பம். கல்லறைத் திருநாளன்று மெழுகுவத்தியோடு போவதும், பாட்டி வரிசையாகப் பெயர் சொல்லி உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்காகச் செபம் சொல்வதும், பூசைக்குப் பணம் கட்டுவதும் பார்த்து வளர்ந்தவன். அதெல்லாம் எதற்கு என்று கேட்டதே இல்லை. தாந்தேயின் மலையில் ஒவ்வொரு ஆவியும் கேட்பது அதைத்தான். திருச்சபையால் தள்ளிவைக்கப்பட்டு இறந்த மான்ஃப்ரெட் அரசன், தள்ளி நின்ற காலத்தைப் போல முப்பது மடங்கு காத்திருக்க வேண்டும், மகளிடம் சொல், அவள் செபித்தால் அது குறையும் என்கிறான். சார்டீனியாவில் ஒரு பகுதியை ஆண்ட நீனோ, மனைவி மறுமணம் செய்துகொண்டாள், அவளிடம் கேட்டுப் பயனில்லை, என் சின்ன மகளிடம் சொல் என்கிறார். 5ஆம் பாடலின் கடைசியில் பியா என்று ஒரு பெண். ஏழே வரி. நீ உலகத்துக்குத் திரும்பி, இவ்வளவு தூரம் நடந்த களைப்பெல்லாம் ஆறிய பிறகு, என்னை நினைத்துக்கொள் என்கிறாள். எல்லாரும் தங்கள் அவசரத்தையே சொல்லும்போது இவள் ஒருத்திதான் முதலில் அவன் களைப்பு ஆறட்டும் என்கிறாள். நான் அன்றைக்கு அதற்கு மேல் படிக்கவில்லை. ஊரில் அம்மாவுக்குப் போன் போட்டேன், அங்கே விடியற்காலை, என்னப்பா, என்ன ஆச்சு என்று பதறிவிட்டாள்.

'பாரடைஸ்' கடினம். இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் பயனில்லை. ஆனால் இந்த எச்சரிக்கையை மட்டும் தாந்தேயே கொடுத்துவிட்டார், 2ஆம் பாடல் தொடங்கும்போதே: சின்னப் படகில் என் பின்னால் வந்தவர்களே, கரை தெரிகிறபோதே திரும்பிப் போய்விடுங்கள், என்னைத் தவறவிட்டால் நடுக்கடலில் வழி தெரியாமல் போய்விடுவீர்கள். எந்த ஆசிரியர் இப்படி எழுதுவார்? எழுதிவிட்டு அதே பாடலில், நிலவில் கறை ஏன் இருக்கிறது என்று தாந்தே இளமையில் காதலித்த, மோட்சத்தில் அவருக்கு வழிகாட்டுகிற பியாட்ரிஸ் மூன்று கண்ணாடியை வைத்து ஒரு பரிசோதனை வேறு விளக்குகிறாள். கிரே எவ்வளவு எளிமையாகச் சொன்னாலும் அது பௌதிகப் பாடம்தான். நான் அங்கேயே பல வாரம் முட்டிக்கொண்டு நின்றேன், தாண்டிப் போவது ஏதோ துரோகம் என்று நினைத்து. தாண்டுங்கள். 3ஆம் பாடலில் பிக்கார்தா காத்திருக்கிறாள், மடத்திலிருந்து அண்ணனின் ஆட்கள் பிடுங்கிக்கொண்டுபோய்க் கல்யாணம் செய்து வைத்த பெண். மோட்சத்தில் உனக்குக் கடைசிப் படிதானே கிடைத்திருக்கிறது, மேலே போக ஆசையில்லையா என்று தாந்தே கேட்க, அவள் சிரித்துக்கொண்டு சொல்கிற பதில் உங்களைப் பிடித்து உட்கார வைக்கும். நிலவுக் கறைக்கு அப்புறம் திரும்பி வரலாம். பிறகு 11, 15 முதல் 17 வரை, 19, 20, கடைசி 33. முதல் சுற்றுக்கு இவ்வளவு போதும் என்பேன், சண்டைக்கு வருகிறவர்கள் வரட்டும். ஒரு நாளைக்கு ஒரு பாடலுக்கு மேல் வேண்டாம், அதுவும் மோட்சத்தில் கண்டிப்பாக வேண்டாம்.

17ஆம் பாடலில் தாந்தேயின் கொள்ளுத்தாத்தாவின் தகப்பனார் கச்சாகுய்தா, உனக்கு வரப்போகும் நாடுகடத்தலைக் கேள் என்று சொல்வார், அடுத்தவன் வீட்டு ரொட்டி எவ்வளவு உப்புக் கரிக்கும், அடுத்தவன் வீட்டுப் படியில் ஏறி இறங்குவது எவ்வளவு கடினம் என்று தெரிந்துகொள்வாய் என்று. ஃபுளோரன்ஸ் பக்கத்து ரொட்டியில் இன்றைக்கும் உப்புப் போட மாட்டார்கள், அதனால் அவருக்கு வெளியூர் ரொட்டி உண்மையாகவே கரித்திருக்கும். எனக்கு இங்கே நேர் எதிர், எதிலும் உப்பில்லை. ஆனால் படி விஷயம் அப்படியே சரி, நான் இருப்பது நாலாவது மாடி, மின்தூக்கி கிடையாது, மேலே இருப்பவர்கள் எல்லாரும் என்னைப் பெயர் தெரியாமலே வணங்கிப் போகிறவர்கள்.

19ஆம் பாடலுக்கு மட்டும் யாராவது என்னை முன்பே அனுப்பியிருக்கலாம். வியாழன் கோளில் நீதிமான்களின் ஆவிகள் சேர்ந்து ஒரு கழுகாக உருவெடுத்துப் பேசும் இடம். அங்கே தாந்தேயின் மனத்தில் பல காலமாக இருக்கிற ஒரு கேள்வி வெளியே வருகிறது. சிந்து நதிக் கரையில் ஒருவன் பிறக்கிறான். அங்கே கிறிஸ்துவைப் பற்றிப் பேச ஆளில்லை, படிக்கவோ எழுதவோ ஆளில்லை. மனிதப் புத்திக்கு எட்டுகிற வரை அவன் ஆசையும் செயலும் நல்லவை, சொல்லிலும் வாழ்க்கையிலும் பாவமில்லை. ஞானஸ்நானம் இல்லாமல் சாகிறான். அவனைத் தண்டிக்கிற நீதி எது? அவன் மேல் என்ன குற்றம்? ஆயிரத்து முந்நூறுகளில் இத்தாலியில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் நம் பக்கத்து மனிதனுக்காக இப்படி வழக்காடியிருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. கழுகு நேராகப் பதில் சொல்லாது, ஒரு சாண் தூரம் பார்க்கிற கண்ணை வைத்துக்கொண்டு ஆயிரம் மைல் தள்ளி நடப்பதைத் தீர்ப்பு சொல்ல நீ யார் என்று முதலில் அதட்டும். அப்புறம், கிறிஸ்துவே கிறிஸ்துவே என்று கத்துகிற பல பேர் தீர்ப்பு நாளில் அவரை அறியாதவனைவிடத் தூரத்தில் நிற்பார்கள் என்று சொல்லிவிட்டு, ஐரோப்பிய அரசர்களை வரிசையாக நிறுத்திக் கிழிக்கத் தொடங்கும். அடுத்த பாடலில் அந்தக் கழுகின் புருவத்திலேயே ரிஃபேயஸ் என்கிற டிராய்க்காரர் இருக்கிறார், கிறிஸ்துவுக்குப் பல நூறு ஆண்டுகள் முந்தியவர், அவர் எப்படி மோட்சத்தில் என்று தாந்தேயே வாயைப் பிளக்கிறார். கேள்விக்குப் பதில் கிடைத்ததா இல்லையா என்று இன்றைக்கும் அறிஞர்கள் அடித்துக்கொள்கிறார்கள். என் பாட்டி இருந்திருந்தால் கழுகின் பக்கம் நின்றிருப்பாள், நான் சிந்துக்கரைக்காரன் பக்கம். இதே மனிதர் 11ஆம் பாடலில் அசிசி பிரான்சிஸ் பிறந்ததைக் கங்கையிலிருந்து சூரியன் எழுவதோடு சேர்த்துச் சொல்வார், அவருக்குக் கிழக்கு என்றாலே கங்கைதான்.

கடைசியாக வாங்கும் கணக்கு. மூன்று பாகத்தையும் ஒரே நேரத்தில் வாங்காதீர்கள். கிளாஸ்கோவிலோ ஸ்காட்லாந்தில் வேறெங்கோ இருந்தால் பொது நூலக அட்டை இலவசம், 'ஹெல்' இரவலில் கிடைக்கும், அதில் தொடங்குங்கள். குறிப்புகளுக்குப் பழைய சேயர்ஸ் ஒன்று வாங்கினால் போதும். நரகம் பிடிக்கவில்லை என்று மட்டும் புத்தகத்தை மூடாதீர்கள், எனக்கும் பாதி பிடிக்கவில்லை, தண்டனைப் பட்டியல் ஓர் அளவுக்கு மேல் அலுக்கும். 'பர்கடரி'யின் 4ஆம் பாடல் வரை வாருங்கள். அந்தச் சோம்பேறி பெலாக்வாவைப் பார்த்தும் உங்களுக்குச் சிரிப்பு வரவில்லை என்றால் புத்தகத்தை நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம், நான் எதுவும் சொல்ல மாட்டேன்.